‘அட்டெஸ்ட்’ பண்ணச் சொன்னால் அலையாதீங்க! வீட்டுக்கு உதவும் 40 குறிப்புகள்

ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போதும், பையன் கப்பல் வேலைக்கு மனு போடும்போதும், மாமனார் பென்ஷன் வாங்கும்போதும் ஓர் இங்கிலீஷ் வினைச்சொல் நம்ம வீட்டுக்குள் வந்துவிடும். ‘அட்டெஸ்ட் பண்ணிட்டு வாங்க!’ ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எந்த ஜெராக்ஸ் கடையில் நின்றாலும் இது காதில் விழும். அந்தச் சொல்லின் பொருளும், எங்கெங்கே எப்படி அது வேலை செய்யும் என்பதும் தெரிந்துவிட்டால் ஆட்டோ காசு, லீவு நாள், புரோக்கர் கமிஷன் எல்லாமே மிச்சம். தோழிகளே, உங்களுக்குத் தேவையானதை ‘டிக்’ போட்டு வைத்துக்கொள்ளுங்க.

சொல்லைத் தெரிஞ்சுக்கலாம்

1. ‘அட்டெஸ்ட்’ என்றால் ‘நான் பார்த்தேன், இது உண்மைதான்’ என்று சாட்சிக் கையெழுத்துப் போடுவது. அரசுப் படிவங்களில் இதைச் ‘சான்றொப்பம்’ என்று போட்டிருப்பார்கள். எங்கே இதைப் பார்த்தாலும் ‘யார் சாட்சி, எதற்குச் சாட்சி?’ என்று கேட்டுப் பாருங்க. யாரிடம் போகவேண்டும் என்பது அப்போதே தெரிந்துவிடும்.

2. லத்தீனில் ‘டெஸ்டிஸ்’ என்றால் சாட்சி. அதிலிருந்து வந்த ‘அட்டெஸ்டாரி’, பிரெஞ்சு வழியாக 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இங்கிலீஷுக்குள் நுழைந்தது. டெஸ்டிஃபை, டெஸ்டிமோனியல், ப்ரொடெஸ்ட், கான்டெஸ்ட் எல்லாம் ஒரே வேர்தான். பிள்ளைகளைச் சேர்த்துப் படிக்கவைத்தால் ஐந்து சொல்லும் ஒரே மூச்சில் மனசில் நிற்கும்.

3. உயிலைக் குறிக்கிற ‘டெஸ்டமென்ட்’டும் இந்தச் சாட்சிக் குடும்பம்தான். ஆனால் பரீட்சைக்குச் சொல்கிற ‘டெஸ்ட்’ வேறு வீட்டுப் பிள்ளை. உலோகத்தை உருக்கித் தரம் பார்க்கப் பயன்பட்ட மண்சட்டியின் லத்தீன் பெயரிலிருந்து அது வந்தது.

4. வேலைக்கு மெயில் போடும் பிள்ளைகள் ‘இத்துடன் பயோடேட்டாவை இணைத்திருக்கிறேன்’ என்பதற்கு ‘அட்டெஸ்டட்’ என்று அடித்துவிடுகிறார்கள். இணைப்பதற்குச் சொல் ‘அட்டாச்’. அனுப்பும் பொத்தானை அழுத்துவதற்கு முன்னால் இந்த ஒரு சொல்லைச் சரிபார்க்கச் சொல்லுங்க.

5. நகலையோ கையெழுத்தையோ சொல்லும்போது ‘அட்டெஸ்ட்’ மட்டும் போதும். ஒருவருடைய நேர்மைக்கோ திறமைக்கோ நான் சாட்சி என்று எழுதும்போது ‘அட்டெஸ்ட் டு’ என்று எழுதுவது வழக்கம். நன்னடத்தைக் கடிதம் எழுதித் தரும் டீச்சர்களுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் இது உதவும்.

6. ‘வெரிஃபை’ என்றால் சரிபார்ப்பது, ‘அட்டெஸ்ட்’ என்றால் சாட்சிக் கையெழுத்து, ‘நோட்டரைஸ்’ என்றால் நோட்டரி வக்கீலின் முத்திரை, ‘சர்ட்டிஃபைடு காப்பி’ என்றால் அசல் பதிவை வைத்திருக்கும் அலுவலகமே தரும் நகல். கவுன்டரில் எது கேட்டார்கள் என்பதைத் துண்டுச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்க. ஒன்றுக்கு இன்னொன்றை எடுத்துப்போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

7. ராணுவத்தில் சேர்ந்த பையன் ‘அட்டெஸ்டேஷன் பரேடு’ என்று போனில் சொன்னால் ஜெராக்ஸ் எடுக்க ஓடாதீங்க. பயிற்சி முடிந்து உறுதிமொழி எடுக்கும் விழா அது. ரயில் டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்துவைத்தால் குடும்பத்தோடு போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

உங்க கையெழுத்தே போதும்

8. படிவத்தில் ‘செல்ஃப் அட்டெஸ்டட்’ என்றிருந்தால் ஆபீசரைத் தேட வேண்டாம்; நாமே கையெழுத்துப் போடலாம். நகலுக்கு இந்தச் சுயசான்றே போதும், சரிபார்க்கும்போது அசலைப் பார்த்துக்கொள்ளலாம் என்று 2013-லேயே மத்திய அரசின் நிர்வாகச் சீர்திருத்தத் துறை மற்ற துறைகளுக்கு எழுதியது. ‘கெஜட்டட் ஆபீசர்’ என்று குறிப்பாகக் கேட்கிற படிவத்துக்கு மட்டும் வெளியே போங்க.

9. நகலின் கீழ்ப்பக்கம் காலியாக உள்ள இடத்தில் ‘அசலுக்கு ஒத்த நகல்’ என்று எழுதி, கையெழுத்து, பெயர், தேதி போடுங்க. நீல மையில் போட்டால் கையெழுத்தும் ஜெராக்ஸ் இல்லை என்பது பார்த்தவுடன் தெரியும். எண், பிறந்த தேதி, போட்டோ மேல் மை படாமல் பார்த்துக்கொள்ளுங்க.

10. கையெழுத்துக்குப் பக்கத்தில் ‘பள்ளிச் சேர்க்கைக்கு மட்டும்’, ‘கேஸ் கனெக்‌ஷனுக்கு மட்டும்’ என்று காரணத்தையும் சேர்த்து எழுதுங்க. அந்த நகலை வேறு யாரும் சிம் கார்டு வாங்கவோ கடன் எடுக்கவோ பயன்படுத்துவது கஷ்டமாகிவிடும். அரை நிமிஷ வேலைதான்.

11. ஆதார் நகல் கேட்டால் கடைசி நாலு எண் மட்டும் தெரிகிற ‘மாஸ்க்டு ஆதார்’ கொடுங்க. ஆதார் ஆணையத்தின் இணையதளத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். முழு எண் கட்டாயம் என்று சொல்லும் இடத்தில் மட்டும் முழு நகல் போதும்.

12. நேரம் மிச்சம் என்று நினைத்து இருபது நகலில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுப் பையில் வைக்காதீங்க. பை தொலைந்தால் கையெழுத்தோடு சேர்ந்து போய்விடும். நகல்களை வெறுமனே வைத்திருந்து, கொடுக்கும்போது கவுன்டரிலேயே கையெழுத்துப் போடுங்க.

13. சின்னப் பிள்ளைகளின் பாஸ்போர்ட்டுக்கு நகல் கொடுக்கும்போது அம்மாவோ அப்பாவோ கையெழுத்துப் போடலாம். கையெழுத்துக்குக் கீழே பிள்ளையின் பெயரையும் உறவு முறையையும் எழுதிவிடுங்க. நம்ம பக்கத்து ஆட்கள் பெரும்பாலும் அமைந்தகரை பாஸ்போர்ட் சேவை மையத்துக்குத்தான் போவோம். பேனா ஒன்று மறக்காமல் பையில் இருக்கட்டும்.

14. சுயசான்று சுலபம், ஆனால் பொறுப்பு முழுக்க நம்ம தலையில்தான். திருத்திய மார்க் ஷீட் நகலில் கையெழுத்துப் போட்டால் வேலையும் போகும், கிரிமினல் வழக்கும் வரும். அசல் கையில் இல்லாத எந்த நகலிலும் ‘அசலுக்கு ஒத்தது’ என்று எழுதாதீங்க.

15. ஆதார், வாக்காளர் அட்டை இவற்றின் முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் ஒரே தாளின் ஒரே பக்கத்தில் எடுக்கச் சொல்லுங்க. தாளும் பாதி, காசும் பாதி. ஒரு கையெழுத்திலேயே இரண்டு பக்கத்துக்கும் சான்று முடிந்துவிடும்.

ஆபீசர் கையெழுத்து வாங்கும்போது

16. கெஜட்டட் ஆபீசர் என்றால் கலெக்டர் ஆபீஸுக்கே போகவேண்டும் என்றில்லை. ஸ்டான்லி, ஆர்.எஸ்.ஆர்.எம். போன்ற அரசு மருத்துவமனை டாக்டர்கள், அரசு மேல்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர்கள் என்று அக்கம்பக்கத்திலேயே இருப்பார்கள். இதற்குக் கட்டணம் கிடையாது. காசு கேட்டு இடையில் வருகிறவர்களை நம்பாதீங்க.

17. அசல்களையும் நகல்களையும் ஒரே வரிசையில் அடுக்கி, கையெழுத்து வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னப் புள்ளி வைத்துக்கொண்டு போங்க. புறநோயாளிகள் கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துப் போனால் டாக்டருக்கும் சிரமம் இல்லை. உள்ளே போனவுடன் வேலை முடியும்.

18. பச்சை மைதான் செல்லும் என்று நினைத்துப் பலர் கையெழுத்தைத் திரும்ப வாங்க ஓடுகிறார்கள். பச்சை மை வெறும் பழக்கம்தான். ஆபீசரின் பெயர், பதவி, அலுவலக முத்திரை, தேதி நாலும் தெளிவாக இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிட்டு நகருங்க.

19. பேங்க் மேனேஜர் கெஜட்டட் ஆபீசர் ஆகமாட்டார். ஆனால் சில படிவங்களில் பேங்க் மேனேஜர் கையெழுத்தும் செல்லும் என்று தனியாகப் போட்டிருப்பார்கள். படிவத்தின் கடைசிப் பக்கக் குறிப்பை முதலில் படித்துவிடுங்க. தெருக்கோடி பேங்கிலேயே வேலை முடிந்தாலும் முடியும்.

20. போட்டோ ஒட்டி அட்டெஸ்ட் பண்ணச் சொன்னால் கையெழுத்து பாதி போட்டோ மேலும் பாதி தாள் மேலும் விழவேண்டும். போட்டோவை மாற்றி ஒட்ட முடியாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. முகத்தின் மேல் மை படாதபடி ஓரத்தில் போடச் சொல்லுங்க.

பேங்க், பென்ஷன், பாட்டி

21. கைநடுங்கிக் கையெழுத்துப் போட முடியாத பாட்டி பேங்கில் பணம் எடுக்கக் கைரேகை வைக்கலாம். பேங்குக்குத் தெரிந்த இரண்டு பேர் அதை அடையாளம் சொல்லவேண்டும். அதில் ஒருவர் பேங்க் அதிகாரியாக இருக்கவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அதனால் வெளியிலிருந்து ஒரே ஒரு சாட்சியைக் கூட்டிப்போனால் போதும்.

22. டெபாசிட்டுக்கு வாரிசு நியமனப் படிவம் கொடுக்கும்போது கையெழுத்துப் போடத் தெரிந்தவருக்குச் சாட்சி தேவையில்லை. கைரேகை வைத்தால்தான் இரண்டு சாட்சி வேண்டும். இது தெரியாமல் சாட்சி தேடியே படிவத்தை மாசக்கணக்கில் பீரோவில் தூங்கவிடாதீங்க.

23. ‘உயிரோடு இருக்கிறேன்’ என்ற சான்றுக்கு முன்பெல்லாம் ஆபீசர் கையெழுத்துக்கு அலைவார்கள். 2014 நவம்பரில் வந்த ‘ஜீவன் பிரமாண்’ வழியாக விரல்ரேகையோ முகமோ காட்டியே முடித்துவிடலாம். உங்க பென்ஷன் ஆபீஸ் இதை ஏற்கிறதா என்று மட்டும் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்க.

24. படியிறங்க முடியாத பென்ஷன்தாரருக்குத் தபால்காரரே வீட்டுக்கு வந்து ஜீவன் பிரமாண் எடுத்துத் தருவார். கட்டணம் 70 ரூபாய். ஆட்டோவுக்குப் போக வர ஆகும் காசைவிட இது குறைவு. மத்திய அரசு பென்ஷன்தாரர்களில் 80 வயது ஆனவர்கள் நவம்பர் வரை காத்திருக்காமல் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம்.

உயில், தானம், நோட்டரி

25. இந்து, கிறிஸ்தவக் குடும்பங்களில் உயில் செல்லவேண்டுமானால் குறைந்தது இரண்டு சாட்சிகள் அட்டெஸ்ட் பண்ணவேண்டும். எழுதியவர் கையெழுத்துப் போட்டதைச் சாட்சிகள் பார்த்திருக்கவேண்டும், அல்லது ‘இது என் கையெழுத்துதான்’ என்று அவரே அவர்களிடம் சொல்லியிருக்கவேண்டும். அவர் முன்னாலேயே அவர்களும் கையெழுத்துப் போடணும்.

26. உயிலுக்கு முத்திரைத்தாள் வாங்கிச் செலவு பண்ணவேண்டாம், வெள்ளைத்தாளே போதும். பதிவு செய்வதும் கட்டாயம் இல்லை, விருப்பம்தான். உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று சாட்சிகளுக்குக் காட்ட வேண்டிய அவசியமும் இல்லை.

27. சொத்து கிடைக்கப்போகிற பிள்ளையையோ மருமகளையோ சாட்சியாகப் போடாதீங்க. 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 67-ஆம் பிரிவுப்படி, கிறிஸ்தவக் குடும்பத்தில் சாட்சிக்கோ அவர் கணவன் மனைவிக்கோ எழுதிய பங்கு செல்லாது. மற்றவர்களும் வெளியாளைப் போட்டால் பின்னால் சண்டை இருக்காது.

28. சாட்சியாக உங்களைவிட வயசு குறைந்த, சொந்த வீட்டில் நிலையாக இருக்கிறவரைப் பாருங்க. பின்னாளில் வழக்கு வந்தால் சாட்சிகளில் ஒருவராவது கோர்ட்டில் வந்து சொல்லவேண்டியிருக்கும். கையெழுத்துக்குக் கீழே முழு முகவரியும் போன் நம்பரும் எழுதி வாங்கிவிடுங்க.

29. வீட்டையோ மனையையோ தானமாக எழுதித் தரும்போது இரண்டு சாட்சிகளும் வேண்டும், பதிவும் கட்டாயம். உயில் மாதிரி வெள்ளைத்தாளில் எழுதி டிரங்குப் பெட்டியில் வைத்தால் செல்லாது. சாட்சிகள் இருவரையும் அடையாள அட்டையோடு ஒரே நாளில் சார்பதிவாளர் ஆபீஸுக்கு வரச் சொன்னால் இரண்டாவது நடை மிச்சம்.

30. நோட்டரியிடம் போகும்முன் விஷயத்தை வீட்டிலேயே தெளிவாக எழுதிக்கொண்டு போனால் டைப்பிங் செலவு குறையும். நோட்டரி முன்னால்தான் கையெழுத்துப் போடணும், வீட்டிலேயே போட்டுவிட்டுப் போகாதீங்க. முத்திரையும், அவருடைய பதிவேட்டில் ஏறிய எண்ணும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்க.

வெளிநாடு, கப்பல்

31. வெளிநாட்டுக்குக் கொண்டுபோகும் சான்றிதழுக்கு ‘அப்போஸ்டில்’ என்று ஒரே முத்திரை உண்டு. இந்தியாவில் இது 2005 ஜூலை 14 முதல் நடப்பில் இருக்கிறது. ஓமன், பஹ்ரைன், சவுதி இந்த முத்திரையை ஏற்கும். துபாய், கத்தார், குவைத் போகிறவர்கள் அந்தந்த நாட்டுத் தூதரக அட்டெஸ்டேஷனும் வாங்கணும். எந்த நாடு என்று முடிவானபிறகே காசு கட்டுங்க.

32. அப்போஸ்டிலுக்கு வெளியுறவுத் துறையின் கட்டணம் ஒரு சான்றிதழுக்கு 50 ரூபாய்தான். மேலே வாங்குவதெல்லாம் சேவைக் கட்டணம். டெல்லிக்குப் போகாமல் சென்னையிலேயே முடிக்கலாம். ஆயிரக்கணக்கில் கேட்கும் ஏஜென்டிடம் எதற்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்க.

33. டிகிரி, பிறப்புச் சான்று போன்றவற்றை முதலில் வழங்கிய மாநிலத்தின் அதிகாரி சான்று பண்ணவேண்டும், அதற்கப்புறம் வெளியுறவுத் துறை, கடைசியாகத் தூதரகம். இந்த வரிசை மாறினால் மொத்தமும் முதலிலிருந்து தொடங்கும். படிவத்தின் மேலேயே 1, 2, 3 என்று எழுதி வைத்துக்கொள்ளுங்க.

34. அசல் சான்றிதழை லேமினேஷன் பண்ணவே பண்ணாதீங்க. பின்பக்கம் முத்திரை குத்தவும் ஸ்டிக்கர் ஒட்டவும் இடம் இருக்காது. கடல் காற்றின் ஈரத்துக்குப் பயந்தால் தெளிவான பிளாஸ்டிக் கவரில் போடுங்க. புதுச் செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தைத் தூக்கிப் போடாமல் அதே ஃபைலில் வைக்கலாம்.

35. கப்பல் வேலைக்கு ஆள் எடுக்கும் ஏஜென்ட் ‘அட்டெஸ்டேஷனுக்கு’ என்று அசல்களையும் ‘சி.டி.சி.’ என்கிற மாலுமிப் புத்தகத்தையும் கேட்டால் உடனே நீட்டாதீங்க. கப்பல் போக்குவரத்து இயக்ககத்தின் இணையதளத்தில் அவருடைய ‘ஆர்.பி.எஸ்.எல்.’ என்கிற ஆள்சேர்ப்பு உரிமம் நடப்பில் இருக்கிறதா என்று முதலில் பாருங்க. சந்தேகம் என்றால் ராஜாஜி சாலை ஆங்கர்கேட் கட்டடத்தில் இருக்கும் வணிகக் கப்பல் துறை ஆபீஸில் நேரிலேயே கேட்கலாம்.

நம்ம ஏரியாவுக்கு

36. திருவொற்றியூர், எண்ணூர்க்காரர்களின் பழைய சான்றிதழில் செங்கல்பட்டு, அப்புறம் திருவள்ளூர், இப்போது சென்னை என்று மூன்று மாவட்டம் இருக்கும். 1997-ல் திருவள்ளூர் மாவட்டம் பிரிந்தது, 2018-ல் திருவொற்றியூர் தாலுகா சென்னை மாவட்டத்தில் சேர்ந்தது. ‘ஊர் மாறவில்லை, மாவட்டம்தான் மாறியது’ என்று ஒரு சுயசான்றுக் கடிதம் எழுதி ஃபைலில் வைத்துக்கொண்டால் கவுன்டரில் வாக்குவாதம் குறையும்.

37. திருவொற்றியூர், கத்திவாக்கம், மணலி மூன்றும் 2011-ல்தான் சென்னை மாநகராட்சிக்குள் வந்தன. அதற்கு முன் அங்கே பிறந்தவர்களின் பதிவு அந்தந்த நகராட்சியில் நடந்தது. இணையத்தில் தேடிக் கிடைக்காவிட்டால் பதறாமல் மண்டல அலுவலகத்தில் பிறந்த தேதி, இடத்தோடு கேளுங்க.

38. டிஜிலாக்கரில் ‘இஷ்யூடு’ பகுதியில் வரும் ஆவணம் சட்டப்படி அசலுக்குச் சமம். அதற்கு அட்டெஸ்டேஷன் தேவையில்லை. நாமே போட்டோ எடுத்து ஏற்றிய நகலுக்கு அந்த மதிப்பு இல்லை. அதேபோல இ-சேவை மையத்தில் எடுக்கும் சாதி, வருமானச் சான்றில் டிஜிட்டல் கையெழுத்தும் கியூஆர் கோடும் இருப்பதால், தாசில்தாரின் மைக் கையெழுத்துக்கு மறுபடி அலைய வேண்டாம்.

39. அரசு வேலையிலும் பொதுத்துறைக் கம்பெனியிலும் ‘அட்டெஸ்டேஷன் ஃபார்ம்’ என்று ஒன்று தருவார்கள். வழக்கு உண்டா என்று அதில் கேட்டிருக்கும். சின்ன வழக்கு, விடுதலையான வழக்கு எதுவானாலும் மறைக்காமல் எழுதச் சொல்லுங்க. உண்மையை எழுதினால் அதைப் பரிசீலிக்க இடம் இருக்கிறது. மறைத்தது தெரிந்தால் சேர்ந்த வேலையும் போகலாம்.

40. 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் வீட்டுக்குள் வந்ததை மறந்திருக்க மாட்டீங்க. ஐப்பசி பிறக்கும்போதே அசல்களை எல்லாம் ஜிப் கவரில் போட்டு பரண்மேல் ஏற்றிவிடுங்க. ஒரு செட்டை ஸ்கேன் பண்ணி வெளியூர்ச் சொந்தக்காரர் ஒருவருக்கு அனுப்பி வையுங்க. நனைந்துபோனால் வெயிலில் காயவைக்காமல், வெள்ளைத்தாளை இடையில் வைத்து ஃபேன் காற்றில் உலர்த்துங்க.

இதில் முக்கால்வாசிக்கு ஒரு பேனாவும் ஐந்து நிமிஷமும்தான் செலவு. அடுத்த தடவை யாராவது ‘அட்டெஸ்ட் பண்ணிட்டு வாங்க’ என்றால் ‘என் கையெழுத்தே போதுமா, ஆபீசர் கையெழுத்து வேணுமா?’ என்று முதலில் கேளுங்க. இந்தப் பக்கத்தைக் கத்தரித்து சான்றிதழ் ஃபைலுக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்க, பக்கத்து வீட்டு அக்காவுக்கும் ஒரு நகல் கொடுங்க. அதற்கு அட்டெஸ்டேஷன் தேவையில்லை!